குதிரையேற்றம்: ஏறி உட்காரத் தெரிந்த பிறகு வரும் கேள்விகள்

ஊட்டி ஏரிக்கரையில் குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, மேலே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதோடு திருப்தி அடைந்தவர்களுக்கு இது தேவைப்படாது. வகுப்பில் சேர்ந்து, ஏறவும் இறங்கவும் பழகி, சில மாதங்களுக்குப் பின் "இதற்கு மேல் நகரவில்லையே" என்று விழிக்கும் பெரியவர்களுக்காக எழுதுகிறேன். நான் 38 வயதில் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கோப்பை எதுவும் வாங்கியதில்லை. தவறு செய்வதில் மட்டும் நல்ல அனுபவம் உண்டு. பயிற்சி முடிந்து லாயத்தில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது புதியவர்கள் வந்து கேட்பவைதான் இந்தக் கேள்விகள். நடைகளை வாக் (மெல்ல நடப்பது), டிராட் (துள்ளு நடை), கேன்டர் (நிதானமான ஓட்டம்) என்றே குறிப்பிட்டிருக்கிறேன். களத்தில் மாஸ்டர் அப்படித்தான் கூவுகிறார். தூய தமிழில் சொன்னால் குதிரைக்கே புரியாது.

எட்டு மாதமாகப் போகிறேன். முதல் இரண்டு மாதம் கிடுகிடுவென்று கற்றேன். பிறகு அப்படியே நிற்கிறது. என்ன கோளாறு?

முதல் இரண்டு மாதம் கற்றது நீங்களா, குதிரையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பயிற்சிப் பள்ளிக் குதிரைக்குப் பாடம் மனப்பாடம். முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே போகும். மாஸ்டர் "டிராட்" என்றதும், உங்கள் கால் அசைவதற்குள் அதுவே டிராட் போகும்.

இது எனக்குத் தெரியவந்தது ஒரு மழைநாள் காலையில். அன்று வகுப்புக்கு வந்தவன் நான் ஒருவன்தான். வழக்கமான குதிரை முத்துவின் மேல் ஏறினேன். 19 வயது, செந்நிறம், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவன். மாஸ்டர் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. முத்து நகரவில்லை. காலால் தட்டினேன், நாக்கைச் சொடுக்கினேன், கெஞ்சினேன். காதை ஒருமுறை பின்னால் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நின்றான். ஆறு மாதமாக நான் குதிரை ஓட்டவே இல்லை, ரயிலில் மூன்றாவது பெட்டியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எனவே மாஸ்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: வரிசையில் முதல் ஆளாக விடச் சொல்லுங்கள், மாதத்துக்கு ஒருமுறையாவது தனி வகுப்பு, அவ்வப்போது வேறு குதிரை. முதலில் எல்லாம் மோசமாகும். நீங்கள் உண்மையில் எங்கே நிற்கிறீர்கள் என்பது அந்த மோசத்தில்தான் தெரியும்.

வாரத்துக்கு எத்தனை வகுப்பு வேண்டும்?

ஒன்று என்றால் கற்றதை மறக்காமல் இருப்பீர்கள். இரண்டு என்றால் முன்னேறுவீர்கள். மூன்றாவது நாளுக்குப் பணமும் நேரமும் இருந்தால், அதை லாயத்தில் செலவிடுங்கள் என்பது என் கட்சி. காரணம் பின்னால் வருகிறது.

மாஸ்டர் என்னை மறுபடி லஞ்சுக்கு அனுப்பிவிட்டார். அது சிறுவர்களுக்கான பயிற்சி அல்லவா? அவமானமாக இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்து லஞ்ச் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாஸ்டர் நடுவில் நின்று நீளக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குதிரை அவரைச் சுற்றி வட்டமடிக்கும் பயிற்சி இது. திருப்புவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. உங்களுக்குக் கடிவாளம் கிடையாது. பல நேரம் கால் வைக்கும் அங்கவடியும் கிடையாது. உட்கார்வது ஒன்றுதான் வேலை.

வியன்னாவில் 400 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில், சேர்கிறவர்களை மாதக்கணக்கில் லஞ்சில்தான் சுற்ற விடுகிறார்கள். கையில் கடிவாளம் தருவது அதற்குப் பிறகுதான். அவர்களுக்கு இல்லாத அவமானம் நமக்கு எதற்கு?

என் உறுதியான கருத்து இதுதான்: பெரியவர்களாகச் சேர்கிறவர்களுக்குக் குறைவது துணிச்சலோ வலிமையோ அல்ல, இருக்கை. இங்கே இருக்கை என்றால் நாற்காலி அல்ல. குதிரையின் முதுகு அசையும்போது அதோடு அசையத் தெரிந்த இடுப்பு. அது வராதவரை கை, கால் எதுவும் உங்கள் சொல் கேட்காது. விழாமல் பிடித்துக்கொள்வதிலேயே அவை தீர்ந்துபோகும்.

லஞ்சில் வாக் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பின்னங்கால் முன்னால் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். இடது பின்னங்கால் எழுந்து முன்னே வரும்போது குதிரையின் வயிறு வலப்புறம் சாயும், உங்கள் இடது உட்காரெலும்பு சற்றுத் தாழும். "இடது, வலது, இடது" என்று நான் வாய்விட்டுச் சொல்ல, தவறும்போதெல்லாம் மாஸ்டர் சிரித்தார். நான்காவது வகுப்பில் சிரிப்பு நின்றது. அன்று முதல்தான் நான் குதிரையேற்றம் கற்கத் தொடங்கினேன் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சின்ன வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது குதிரையின் மூட்டுகளுக்குச் சிரமம். பாதியில் திசை மாற்றியாக வேண்டும்.

டிராட்டில் மூட்டை போலத் துள்ளுகிறேன். எழுந்து உட்காரும் தாளம் பிடிபடவே இல்லை.

டிராட் இரண்டு தாள நடை. முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடி தரையை விட்டு மற்றது தொடுவதற்கு இடையே நான்கு காலும் காற்றில் இருக்கும் ஒரு கணம் உண்டு. உங்களைத் தூக்கிப் போடுவது அதுதான். ஆகவே எழுவதற்கு நீங்கள் முயலவே வேண்டாம். குதிரை தூக்குகிறது, தூக்கவிடுங்கள். உங்கள் வேலை இறங்குவது மட்டும், அதையும் பொத்தென்று இல்லாமல். துள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கவடியை மிதித்து, மாடிப்படி ஏறுவது போலச் செங்குத்தாக எழுகிறார்கள். எழுச்சி மேலே போகக் கூடாது. இடுப்பு முன்னால், சேணத்தின் முன்மேட்டை நோக்கிப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு விரற்கடை இடைவெளி போதும்.

வட்டத்தில் போகும்போது எந்த ஜோடிக்கு எழுவது என்ற கேள்வி வரும். வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது எழ வேண்டும், அது திரும்பும்போது உட்கார வேண்டும். உட்பக்கப் பின்னங்கால் காற்றில் முன்னேறும் நேரத்தில் நீங்கள் முதுகில் பாரமாக இல்லாததால், அது நன்றாக வயிற்றுக்கடியில் வந்து ஊன்றும். தவறான ஜோடியில் இருந்தால் இரண்டு தாளம் தொடர்ந்து உட்கார்ந்துவிட்டு எழுங்கள், மாறிவிடும். முதலில் தோளைக் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். பரவாயில்லை, கண்ணை மட்டும் தாழ்த்துங்கள். தலை போனால் தோள் போகும், தோள் போனால் குதிரையும் முன்பாரமாகிவிடும்.

"கையைத் தளர்த்து" என்கிறார். தளர்த்தினால் "கடிவாள வாரைப் பிடி" என்கிறார். எதைத்தான் கேட்பது?

இரண்டும் சரி. அவர் விளக்காமல் விட்டது ஒன்று: எந்த நடையில் என்பது. வாக்கிலும் கேன்டரிலும் குதிரை தலையை ஆட்டிக்கொண்டு போகும். அங்கே உங்கள் கை அசையாமல் நின்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாயில் இருக்கும் இரும்பு இடிக்கும். எனவே கை தலையோடு முன்னும் பின்னும் போக வேண்டும். டிராட்டில் கதை தலைகீழ். குதிரையின் தலை கிட்டத்தட்ட ஆடாது, ஆடுவது நீங்கள். நீங்கள் எழுந்து உட்காரும்போது கையும் கூடவே ஏறி இறங்கினால் அதுவும் வாயில் இடிதான். அங்கே கை நிற்க வேண்டும், முழங்கை விரிந்து மடங்க வேண்டும். கதவின் கீல் போல முழங்கை வேலை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் பல குதிரைகள் பந்தயத்திலிருந்து வந்தவை. பந்தயத்தில் வாரின் இறுக்கத்தில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியவை அவை. பயந்துபோய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் "ஓடு" என்று நீங்கள் சொல்வதாகவே சில குதிரைகள் எடுத்துக்கொள்ளும். முத்து அந்த ரகம். நிறுத்த வேண்டுமானால் நிமிர்ந்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பின் அசைவை நிறுத்தி, வாரைப் பிடித்து உடனே விட வேண்டும். மறுபடி பிடித்து, மறுபடி விட வேண்டும். கயிறு இழுக்கும் போட்டி வைத்தால் 450 கிலோவை யார் வெல்வது?

"குதிகால் கீழே, குதிகால் கீழே" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

எனக்கும் அலுத்தது. குதிகாலை நீங்களாக அமுக்கினால் கணுக்கால் இறுகும், கால் முன்னால் ஓடும், நாற்காலியில் உட்கார்ந்த கோலம் வரும். குதிகால் தாழ்வது வேலை அல்ல, விளைவு. தொடையும் முழங்காலும் சேணத்தைக் கவ்வாமல் இருந்தால் உடலின் கனம் காலின் பின்பக்கமாக வழிந்து தானே கீழே போகும். பக்கவாட்டில் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்: காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குதிரையை மாயமாக எடுத்துவிட்டால் காலூன்றி நிற்பீர்களா, பின்னால் விழுவீர்களா? என்னுடைய முதல் படத்தில் நான் ஈசிசேரில் இருந்தேன்.

என் குதிரை சோம்பேறி. மாஸ்டர் ஏறினால் மட்டும் பறக்கிறது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு ஈ உட்கார்ந்தால் தோலைச் சிலிர்த்து உதறுகிற விலங்கு அது. உங்கள் கால் படுவது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் காலால் தட்டிக்கொண்டே இருந்தால், தெருவில் ஓயாமல் அடிக்கும் ஹாரனைப் போல அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். மென்மையாக ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லையா, உடனே தெளிவாக ஒருமுறை. நகர்ந்ததும் காலைச் சும்மா வைத்திருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. கேட்பதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்கிறீர்களா என்றும் பாருங்கள். காலால் போ, கையால் நில் என்றால் அது நிற்கும்.

ஆனால் எல்லாப் பிடிவாதமும் பிடிவாதம் அல்ல. நேற்றுவரை நன்றாகப் போன குதிரை இன்று மறுத்தால், சேணத்தைக் கட்டும் வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வந்தால், ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுத்தால், சேணத்தின் கீழே முதுகையும் வாயையும் குளம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே "அது அப்படித்தான், அடியுங்கள்" என்று சொல்கிற இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள். நான் அப்படி ஒரு பள்ளியிலிருந்து வெளியே வந்தவன். சேணத்தைக் கழற்றியபோது முதுகெலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணய அளவில் தோல் உரிந்திருந்தது.

கேன்டர் எப்போது?

டிராட்டில் அங்கவடி இல்லாமல் ஒரு முழுச் சுற்று, வாரைப் பிடித்துத் தொங்காமல் போக முடிந்தால், தயார். கேன்டர் மூன்று தாளம். தொட்டில் ஆட்டம் போல இருக்கும். பலருக்கு டிராட்டைவிட எளிது. கடினம் என்னவோ டிராட்டிலிருந்து அதற்குள் நுழையும் நான்கைந்து அடிதான். டிராட்டை வேகப்படுத்தி வேகப்படுத்திக் கேன்டருக்குத் தள்ளுவது எல்லோரும் செய்யும் தவறு. வேகமான டிராட்டில் நீங்களும் கலங்குவீர்கள், குதிரையும் கலங்கும். டிராட்டை நிதானமாக்குங்கள். மூலை திரும்பும்போது உட்பக்கக் கால் வயிற்றுவார் அருகிலும் வெளிப்பக்கக் கால் ஒரு கை பின்னாலும் இருக்கக் கேன்டர் கேளுங்கள். முன்னால் குனியாதீர்கள்.

விழுந்தால்?

விழுவீர்கள். நான் ஐந்து முறை விழுந்தேன். அதில் ஒன்று குதிரை அசையாமல் நிற்கும்போது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். அந்தக் குழியை நாமே பறித்துக்கொள்ளாமல் இருக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. குதிரையேற்றத்துக்கென்றே தரச்சான்று பெற்ற ஹெல்மெட் போடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் ஆகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. செருப்புக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கும் குதி கிடையாது, பாதம் அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும். சிறு குதி உள்ள பூட்ஸ் வேண்டும். லாயத்து மண்ணில் கீறல் பட்டால் டெட்டனஸ் வரலாம். தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பாருங்கள்.

விழுந்ததும் உடனே மறுபடி ஏற வேண்டும் என்ற வீர வசனத்தை நம்பாதீர்கள். தலையில் பட்டால், தலை சுற்றினால், வாந்தி வருவது போல் இருந்தால், அன்று ஏறக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

விழுந்த பிறகு பயம் வந்துவிட்டது. வெளியே சொல்லவும் கூச்சம்.

மாஸ்டரிடம் சொல்லுங்கள். குதிரையிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, மூச்சை அடக்கியதுமே அதற்குத் தெரிந்துவிடும். நான் மூன்று வாரம் வாக் மட்டும் போனேன். மாஸ்டர் "இன்று தெருக்கூத்துப் பாட்டு ஏதாவது பாடுங்கள் தம்பி, கேட்கலாம்" என்றார். பாடுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. கேட்கச் சகிக்கவில்லைதான், முத்து பொறுத்துக்கொண்டான்.

தனியாகப் பயிற்சி செய்ய அரை மணி கிடைக்கிறது. என்ன செய்வது?

ஒரு வட்டம் போடுங்கள். சிரிக்க வேண்டாம். சிறிய களம் 20க்கு 40 மீட்டர். ஓரங்களில் ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று எழுத்துகள் இருக்கும். இந்த வரிசை ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். களத்தின் ஒரு முனையில் 20 மீட்டர் வட்டம் போட்டால் அது நான்கு இடங்களைத் தொட வேண்டும். அந்த நான்கு இடத்திலும் ஒவ்வொரு செங்கல் வைத்துவிட்டுச் சுற்றுங்கள். முதல் நாள் உங்கள் வட்டம் முட்டையாக இருக்கும். லாயத்து வாசல் பக்கம் புடைத்துக்கொண்டும், எதிர்ப்பக்கம் சப்பையாகவும். குதிரைக்கு வீட்டு நினைப்பு! அடுத்த செங்கல்லைப் பார்க்காமல் அதற்கடுத்ததைப் பார்த்தால் வட்டம் சீராகும். வாக்கில் சரியானபின் டிராட்டில். இதில் அரை மணி போதாது.

பலரும் தாவுவதற்குத்தான் அவசரப்படுகிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தடை தாண்டுதலும் அடங்கிய ஈவென்டிங் பிரிவில் பெங்களூருவின் ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளியும் குழு வெள்ளியும் வாங்கியது பரவலாகப் பேசப்பட்டது. 2023இல் ஹாங்சோவில் இந்தியா வாங்கிய குழுத் தங்கமோ டிரெஸ்ஸாஜில். அதில் தடை தாண்டுவதே இல்லை. வட்டம், நேர்கோடு, நடை மாற்றம், அசையாமல் நிற்பது, இவற்றைக் கூர்மையாக்கிக்கொண்டே போனால் வருவது அது. மிர்சாவின் ஈவென்டிங்கிலும் மூன்று கட்டங்களில் முதல் கட்டம் டிரெஸ்ஸாஜ்தான்.

வீட்டில் செய்ய ஏதாவது?

மாடிப்படியின் கடைசிப் படியில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்துங்கள். ஒற்றைக் காலில் நின்று பல் தேயுங்கள். நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கியிருக்கும், அவற்றை நீட்டுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் சேணத்தில் தெரியும்.

நான் 85 கிலோ. ஏறலாமா?

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 450 கிலோ குதிரைக்கு மேல் எல்லையே 90 கிலோ. சேணத்தைக் கழித்தால் சுமார் 80. துள்ளுகிற எடை உட்கார்ந்த எடையைவிடக் கனம், ஆகவே கற்கும் காலத்தில் எல்லையை ஒட்டிப் போக வேண்டாம். பெரிய குதிரை இருக்கிற பள்ளியைப் பாருங்கள். வயது ஒரு தடையே இல்லை.

லாயத்தில் நேரம் செலவிடச் சொன்னீர்களே. அது சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) வேலை அல்லவா?

சைஸ் வேலைதான். அவரிடம்தான் கற்க வேண்டும். எங்கள் லாயத்து சைஸுக்கு ஏறிப் போட்டியிடத் தெரியாது. ஆனால் குதிரை தீனித் தொட்டியில் கொள்ளைத் தொடாமல், முன்காலால் தரையைக் கீறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் "வயிற்று வலி, டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்பவர் அவர். குதிரைக்கு அது உயிர்போகிற சமாச்சாரம். குளம்பைத் தூக்கிக் கல் எடுக்கவும், நேர் பின்னாலிருந்து வராமல் தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்கவும், காதைப் பார்த்து மனநிலையைப் படிக்கவும் அங்கேதான் பழகினேன். குதிரையின் குணமறிந்துதான் கடவுள் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். உதைக்கும் காலைக் கொடுத்திருக்கிறார், அது போதும். கீழே நிற்கும்போது காதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, மேலே இருக்கும்போது அது எதைக் கண்டு மிரளப்போகிறது என்பது இரண்டு அடி முன்னதாகவே தெரியும்.

கோடையில் நிறுத்திவிடலாமா?

வேண்டாம். காலை ஆறு மணிக்குள் ஏறிவிடுங்கள், நேரத்தைக் குறையுங்கள். இறங்குமுன் பத்து நிமிடம் தளர்ந்த வாரில் வாக். மூச்சு அடங்கிய பிறகுதான் கட்ட வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் காரட் கொடுக்கிறேன். கையைக் கடிக்க வருகிறது.

விரலால் பிடித்து நீட்டினால், விரலும் காரட்டும் அதற்கு ஒன்றுதான். நேர் வாய்க்கு முன்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு, அதன் மேல் வைத்துக் கொடுங்கள். காரட்டை வட்ட வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீறிக் கொண்டுபோங்கள். எத்தனை துண்டு என்பதை மட்டும் சைஸிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முத்துவுக்கு இரண்டு.